இருதயத்தைக் காக்கக் குடலில் கத்தி!

மாரடைப்பு வந்து உயிர் பிழைத்தவர் ஒருவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மனைவி, மக்கள் உண்டு. அடுத்த மாரடைப்பு எப்போது வருமோ என்ற பயத்தோடு டாக்டரிடம் போகிறார்.

"உங்கள் இருதயத்தைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. உங்கள் குடலில் ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

"இருதயம் எங்கே, குடல் எங்கே? தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவதா?" என்றுதான் நினைப்பார்.

ஆனால் இது வேடிக்கைப் பேச்சு அல்ல. உண்மையாகவே நடந்தது. அமெரிக்காவில் உள்ள மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1963ஆம் ஆண்டு ஹென்றி புக்வால்டு என்ற இளம் டாக்டர் இந்த ஆபரேஷனைச் செய்தார். பிறகு நூற்றுக்கணக்கான பேர் அதற்குச் சம்மதித்து, ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தார்கள். அவர்களுக்குக் குடலில் நோய் எதுவும் இல்லை. நல்ல குடலைத்தான் வெட்டிக்கொண்டார்கள்!

எதற்காக?

எல்லாம் பித்தநீருக்காக!

கசப்பு நீர்

பித்தம் என்ற சொல் நம் வீடுகளில் அடிக்கடி அடிபடுகிறது. தலை சுற்றினால் பித்தம் என்கிறோம். காலில் வெடிப்பு வந்தால் பித்த வெடிப்பு. இளமையில் முடி நரைத்தால் பித்த நரை. நாட்டு வைத்தியர்கள் நாடி பிடித்துச் சொல்லும் வாதம், பித்தம், கபம் என்ற கணக்கு தனி. அதை இங்கே தொடவில்லை. ஈரலில் சுரக்கும் பித்தநீரைப் பற்றி மட்டுமே சொல்லப் போகிறோம்.

மீன் கழுவும் தாய்மார்களுக்கு அந்த நீரை நன்றாகத் தெரியும். மீனின் வயிற்றைக் கீறினால் உள்ளே பச்சை நிறத்தில் சின்னப் பை ஒன்று இருக்கும். அதை உடைக்காமல் எடுத்து எறிய வேண்டும். உடைந்துவிட்டாலோ, குழம்பு வாயில் வைக்க முடியாமல் கசந்துவிடும். அந்தக் கசப்பு நீர்தான் பித்தநீர்.

அதே போன்ற பை நமக்கும் இருக்கிறது. வலது பக்கம், விலா எலும்புகளின் மறைவில் ஈரல் இருக்கிறது. சுமார் ஒன்றரை கிலோ எடை. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பித்தப்பை. ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நாம் சாப்பிட்டதும், முக்கியமாக எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும், பித்தப்பை சுருங்கி, நீரைச் சிறுகுடலில் பீச்சுகிறது.

அங்கே அதற்கு என்ன வேலை?

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் எண்ணெய் போகாது. சீயக்காய் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இரண்டையும் ஒட்டவைக்கும் தரகர் வேலையைச் சீயக்காய் செய்கிறது.

குடலிலும் இதே கதைதான். வடையில் இருக்கும் எண்ணெய் அப்படியே உடம்பில் சேராது. பித்தநீரில் உள்ள ஒருவகை உப்பு, அந்த எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலக்கிறது. பிறகுதான் அது ஜீரணமாகிறது. இந்தப் பொருளைப் பித்த அமிலம் என்றும், பித்த உப்பு என்றும் சொல்வார்கள். பித்த உப்பு என்றே நாம் வைத்துக்கொள்வோம்.

இந்த உப்பை ஈரல் எதிலிருந்து செய்கிறது தெரியுமா? கொலஸ்டிராலிலிருந்து!

ஆம்! ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறதே, அதே கொலஸ்டிரால்தான்!

கல்லில் பிறந்த பெயர்

கொலஸ்டிராலை முதலில் கண்டெடுத்தது இருதயத்திலும் அல்ல, ரத்தத்திலும் அல்ல. பித்தப்பையில் உண்டாகும் கல்லில்தான். பிரான்சு தேசத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கல்லிலிருந்து மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். 1815ஆம் ஆண்டு செவ்ருல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கொலே' என்றால் பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. கெட்டிப் பித்தம் என்பது பெயரின் பொருள்.

இந்தச் செவ்ருல், சோப்பும் கொழுப்பும் எப்படி உண்டாகின்றன என்று ஆராய்ந்து புகழ் பெற்றவர். 102 வயது வரை வாழ்ந்தார். கொலஸ்டிராலுக்குப் பெயர் வைத்தவரை, கொலஸ்டிரால் ஒன்றும் செய்யவில்லை!

கொலஸ்டிரால் விஷம் அல்ல. உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் அது இருக்கிறது. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. அதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. முட்டையும் கறியும் தொடாதவர்களின் ரத்தத்திலும் கொலஸ்டிரால் இருப்பது இதனால்தான்.

மிஞ்சிப்போகும் கொலஸ்டிராலை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். அரிசியையும் எண்ணெயையும் உடம்பு எரித்துச் சக்தியாக்கிவிடும். கொலஸ்டிராலை எரிக்க அதற்குத் தெரியாது. வெளியே தள்ளத்தான் வேண்டும். தள்ளுவதற்கு இருக்கும் பெரிய வாசல் ஒன்றே ஒன்று: பித்தநீர். கொஞ்சம் கொலஸ்டிரால் அப்படியே பித்தநீரில் கலந்து போகிறது. கொஞ்சம் பித்த உப்பாக மாறிப் போகிறது. பித்தநீரில் கரையாத அளவுக்குக் கொலஸ்டிரால் சேர்ந்துவிட்டால், பித்தப்பையில் கல்லாக உறைகிறது.

கல்யாண வீட்டு டம்ளர்

பெரிய வாசல் இருக்கிறதே, மிஞ்சியது எல்லாம் போய்விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். போகாது! உடம்பு மகா கஞ்சன்!

கல்யாண வீட்டில் சாப்பாடு நடக்கிறது. ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று ஆயிரம் டம்ளரா வாங்குகிறோம்? நூறு டம்ளர் இருந்தால் போதும். ஒரு பந்தி எழுந்ததும் டம்ளர்களை எடுத்துக் கழுவி, அடுத்த பந்திக்கு வைக்கிறார்கள். அதே நூறு டம்ளர் பத்துப் பந்திக்கும் வருகிறது. ஒவ்வொரு பந்தியிலும் ஒன்றிரண்டு காணாமல் போகும். அதை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டால் போதும்.

ஈரல் செய்வதும் இதுதான். நம் உடம்பில் இருக்கும் மொத்தப் பித்த உப்பு மூன்று, நான்கு கிராம்தான். ஆனால் அந்த மூன்று, நான்கு கிராமும் ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்துத் தடவை சுற்றி வருகிறது. ஈரலிலிருந்து குடலுக்கு வருகிறது. எண்ணெயைக் கரைக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் இடம் இருக்கிறது. அங்கிருந்து ரத்தத்தோடு கலந்து மறுபடியும் ஈரலுக்கே போய்ச் சேருகிறது. நூற்றுக்கு 95 பங்கு திரும்பிவிடும். மலத்தோடு வெளியே போவது ஒரு நாளைக்குச் சுமார் அரை கிராம். காணாமல் போன அந்த அரை கிராமுக்கு மட்டும், ஈரல் கொலஸ்டிராலை எடுத்துப் புதிய உப்புச் செய்கிறது.

கொலஸ்டிரால்தான் பித்த உப்பாக மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அறிஞர்கள் படாத பாடு பட்டார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த வீலண்டு பித்த அமிலத்தை ஆராய்ந்தார். அதே நாட்டைச் சேர்ந்த வின்டவுஸ் கொலஸ்டிராலை ஆராய்ந்தார். இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. 1927ஆம் ஆண்டு நோபல் பரிசு வீலண்டுக்கும், 1928ஆம் ஆண்டு நோபல் பரிசு வின்டவுசுக்கும் கிடைத்தன. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் கான்ராடு பிளாக் என்பவரும் அவரது கூட்டாளிகளும், அடையாளம் இட்ட கொலஸ்டிராலை ஒரு நாய்க்குச் செலுத்தினார்கள். அந்த அடையாளம் நாயின் பித்த அமிலத்தில் வந்து நின்றது. சந்தேகம் தீர்ந்தது.

முயலுக்கு வந்த நோய்

இதற்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் வைக்கோல் பருமன்தான் இருக்கும். அவற்றின் உட்சுவரில் நாளடைவில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

மேலே சொன்ன வின்டவுஸ், 1910ஆம் ஆண்டிலேயே கெட்டுப்போன ரத்தக் குழாய்களைச் சோதித்தார். நல்ல குழாயில் இருப்பதைவிடப் பல மடங்கு கொலஸ்டிரால் அவற்றில் இருந்தது. 1913ஆம் ஆண்டு ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற டாக்டர் முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்டிராலைக் கரைத்துக் கொடுத்தார். முயல்களின் ரத்தக் குழாய்களில் அதே கொழுப்புப் படிவு உண்டாயிற்று! வெறும் எண்ணெய் தின்ற முயல்களுக்கு ஒன்றும் இல்லை.

உடனே உலகம் இதை ஏற்றுக்கொண்டதா? இல்லை. மற்றவர்கள் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு நோய் வரவில்லை. "முயல் புல் தின்னும் பிராணி. அதற்கு வந்தது மனிதனுக்கும் வருமா?" என்று கேட்டார்கள்.

எலிக்கும் நாய்க்கும் ஏன் வரவில்லை என்பது பின்னால்தான் விளங்கிற்று. அவை தின்ற கொலஸ்டிராலை மளமளவென்று பித்த உப்பாக மாற்றிவிடுகின்றன. அதனால் ரத்தத்தில் தேங்குவதில்லை. முயலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அன்று எதிர்வாதமாகச் சொன்ன எலியும் நாயும், உண்மையில் பித்தநீரின் பக்கம் விரல் நீட்டிக்கொண்டிருந்தன. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை!

டம்ளரைத் திருடினால்?

இப்போது ஒரு யோசனை. பந்தி முடிந்து டம்ளர்கள் திரும்பும் வழியில் ஒரு திருடனை நிறுத்தினால் என்ன ஆகும்? சமையற்கட்டில் டம்ளர் பற்றாது. புதிது புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பித்தளை வேண்டும். அந்த வீட்டில் இருக்கும் பித்தளையெல்லாம் கரைய ஆரம்பிக்கும்.

அதே போல, பித்த உப்பைத் திரும்பவிடாமல் செய்தால், ஈரல் புதிது புதிதாக உப்புச் செய்தாக வேண்டும். ரத்தத்தில் இருக்கும் கொலஸ்டிரால் கரையும்!

இந்தத் திருட்டை இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒன்று மருந்து. மற்றொன்று கத்தி.

மருந்தின் பெயர் கொலஸ்டிரமின். தண்ணீரில் கரையாத, மணல் போன்ற ஒரு பிசின் பொடி. பித்தம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் அரிக்கும் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து வந்தார்கள். பொடி குடலுக்குள் போய்ப் பித்த உப்பைப் பற்றிக்கொள்ளும். அப்படியே மலத்தோடு போய்விடும். உடம்புக்குள் ஒரு துளியும் சேராது. இந்தப் பொடியைத் தின்றால் ரத்தக் கொலஸ்டிராலும் குறைகிறது என்று 1959ஆம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் கண்டு சொன்னார்கள்.

கத்திதான் டாக்டர் புக்வால்டு செய்தது. பித்த உப்பை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி என்று சொன்னோம் அல்லவா? கடைசி இரண்டு மீட்டர் நீளத்துக்கு முன்னால் குடலை வெட்டினார். மேல்பக்கத்துக் குடலை நேரே பெருங்குடலில் இணைத்துத் தைத்தார். கீழ்ப்பகுதியை அகற்றவில்லை. வாயை அடைத்து, வயிற்றுக்குள்ளேயே சும்மா விட்டுவிட்டார். வேண்டுமானால் பிறகு பழையபடி இணைத்துக்கொள்ளலாம். ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷனை ஒதுக்கிவிட்டுச் சுற்றுப் பாதை போட்டது போல! பித்த உப்பு ஏறவேண்டிய ஸ்டேஷன் வழியாக இப்போது ரயிலே போவதில்லை.

ரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்கிற்று.

டாலஸ் நகரின் இருவர்

ஈரல் எந்த வழியாக ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுக்கிறது? இதற்கு விடை சொன்னவர்கள், அமெரிக்காவில் டாலஸ் நகரைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள்.

கொலஸ்டிரால் ரத்தத்தில் கரையாது. பொட்டலம் பொட்டலமாகத்தான் மிதந்து போகும். அவற்றில் ஒருவகைப் பொட்டலத்துக்கு எல்.டி.எல். என்று பெயர். 'கெட்ட கொலஸ்டிரால்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பொட்டலங்களை எட்டிப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் ஈரல் அணுக்களின் மேல் இருக்கின்றன. அந்தக் கைகளைத்தான் 1973, 1974ஆம் ஆண்டுகளில் இவர்கள் கண்டுபிடித்தார்கள். பித்த உப்புச் செய்யக் கொலஸ்டிரால் பற்றாமல் போனால், ஈரல் இன்னும் நிறையக் கைகளை முளைக்கவிடுகிறது. அத்தனை கைகளும் ரத்தத்திலிருந்து பொட்டலங்களைப் பிடித்து இழுக்கின்றன.

சில குழந்தைகள் பிறக்கும்போதே இந்தக் கைகள் இல்லாமல் பிறக்கின்றன. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மாரடைப்பு வருவது உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால் இப்படி நேரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், கைகள் பாதியாக இருக்கும். அப்படிப் பாதிக் கைகளோடு இருப்பவர்கள் 250 பேரில் ஒருவர் என்பது இன்றைய கணக்கு. ஒரு குடும்பத்தில் தகப்பன், சிற்றப்பன், அண்ணன் என்று வரிசையாக இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

பிரவுனுக்கும் கோல்டுஸ்டீனுக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

ஆறு பொட்டலம் பொடி

கொலஸ்டிரால் குறைந்தது சரி. மாரடைப்புக் குறைந்ததா? அதுதானே வேண்டும்!

1970களில் டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். கொலஸ்டிரால்தான் காரணம் என்றது ஒரு கட்சி. "இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன. அதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா?" என்றது மறு கட்சி. கேட்டது நியாயமான கேள்விதான். குறைத்துக் காட்டி, மாரடைப்பும் குறைகிறது என்று காட்டினால் ஒழிய வழக்குத் தீராது.

அமெரிக்க சர்க்கார் செலவில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. கொலஸ்டிரால் அதிகம் உள்ள, ஆனால் இருதய நோய் இன்னும் வராத 3,806 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 35 முதல் 59 வரை. பாதிப் பேருக்குக் கொலஸ்டிரமின் பொடி. பாதிப் பேருக்கு அதே போல இருக்கும் வெறும் பொடி. யாருக்கு எது என்று தின்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. தினம் ஆறு பொட்டலம். வாயில் மணல் நெறிப்பது போல இருக்கும். மலச்சிக்கல் வேறு. இப்படிச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் தின்றார்கள்!

1984ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவு வந்தது. வெறும் பொடி தின்றவர்களில் 187 பேருக்கு மாரடைப்போ, அதனால் சாவோ நேர்ந்தது. மருந்துப் பொடி தின்றவர்களில் 155 பேர். 100க்கு 19 பங்கு குறைவு.

ஆனால் எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் என்று எண்ணினால், ஒரு பக்கம் 71, மறுபக்கம் 68. ஏறக்குறையச் சமம். மறு கட்சி இதைப் பிடித்துக்கொண்டது. வழக்கு நீண்டது.

838 பேர்

இந்தச் சமயத்தில் கத்திக் கட்சியின் சோதனையும் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் புக்வால்டு 1975ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். அமெரிக்காவில் நான்கு இடங்களில் ஆள் சேர்த்தார்கள். ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் மட்டுமே. 838 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 421 பேருக்கு ஆபரேஷன். 417 பேருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும்.

பொடி தின்பவன் ஒரு நாள் மறந்துவிடலாம். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு அந்த வழி இல்லை. தூங்கும்போதும் அவன் குடல் வேலை செய்துகொண்டே இருக்கும். சோதனைக்கு இதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது. பாடுபட்டவர்கள் அந்த 421 பேர்தான். பலருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. சிலருக்குச் சிறுநீரகத்தில் கல். சிலருக்குப் பித்தப்பையில் கல். ரத்தம் ஊற வேண்டிய பி12 வைட்டமினும் அதே குடல் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஆயுள் முழுவதும் அதை ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

1990ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் ஆகி ஐந்தாண்டு கழித்தும், இவர்களது கெட்ட கொலஸ்டிரால் மற்றவர்களைவிட 100க்கு 38 பங்கு குறைந்தே இருந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களில் 125 பேருக்கு மறுபடியும் மாரடைப்போ, அதனால் சாவோ நேர்ந்தது. செய்துகொண்டவர்களில் 82 பேருக்கு மட்டுமே. 100க்கு 35 பங்கு குறைவு! இருதய ரத்தக் குழாய்க்கு மாற்று வழி போடும் ஆபரேஷன், செய்துகொள்ளாதவர்களில் 137 பேருக்குத் தேவைப்பட்டது. செய்துகொண்டவர்களில் 52 பேருக்கு. குழாய்களைப் படம் பிடித்துப் பார்த்தபோதும், கொழுப்புப் படிவு இவர்களுக்கு மெதுவாகவே வளர்ந்திருந்தது.

சாவுக் கணக்கு? அந்தப் பக்கம் 62, இந்தப் பக்கம் 49. குறைவுதான். ஆனால் தற்செயலாகவும் இந்த வித்தியாசம் வரலாம் என்று கணக்கு நிபுணர்கள் சொன்னார்கள். விடாமல் மேலும் ஐந்தாண்டு கணக்கு எடுத்தார்கள். 1998ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது தெளிவாயிற்று.

இருதயத்தை யாரும் தொடவில்லை. ரத்தக் குழாயைத் தொடவில்லை. பித்த உப்பு திரும்பும் வழியை அடைத்ததுதான் செய்த ஒரே காரியம். கொலஸ்டிரால் குற்றவாளியா இல்லையா என்ற வழக்கில் இவ்வளவு நேரான சாட்சி அதற்கு முன் வந்ததில்லை.

கத்தி ஏன் ஓய்ந்தது?

அப்படியானால் இன்று ஏன் எல்லோருக்கும் இந்த ஆபரேஷனைச் செய்வதில்லை?

அதைவிட எளிய மருந்து வந்துவிட்டது. பித்த உப்பு பற்றாவிட்டால், ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுப்பதோடு நிற்பதில்லை. தானாகவும் கொஞ்சம் அதிகமாகத் தயாரிக்கத் தொடங்கிவிடும். கள்ளத்தனம்! இந்தத் தயாரிப்பைத் தடுக்கும் பொருளை, ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி பூஞ்சைக் காளானிலிருந்து 1973ஆம் ஆண்டு கண்டெடுத்தார். அந்த இனத்து மருந்துகளுக்கு ஸ்டாட்டின் என்று பெயர். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டின் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டு, இருதய நோய் உள்ள 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சோதனை முடிந்தது. மாத்திரை தின்றவர்களில் சாவு 100க்கு 30 பங்கு குறைந்தது. தினம் ஒரு மாத்திரையில் முடிகிற காரியத்துக்கு வயிற்றைக் கிழிப்பானேன்?

பொடி அடியோடு மறைந்துவிடவில்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த இனத்து மருந்தைச் சில சமயம் கொடுக்கிறார்கள். அது உடம்புக்குள் சேராததால், கொலஸ்டிரால் மிக அதிகமாக உள்ள கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் அதைத் தேடுவது உண்டு. ஒரு எச்சரிக்கை! பொடி பித்த உப்பை மட்டும் பிடிப்பதில்லை. கூடவே விழுங்கும் மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே மற்ற மருந்துகளை ஒரு மணி நேரம் முன்னதாகவோ, நாலு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும்.

சமையற்கட்டில் இருக்கும் திருடன்

மருந்துக் கடைக்குப் போகாமலே இந்தத் திருட்டைக் கொஞ்சம் செய்யலாம். ஓட்ஸ், பார்லி இவற்றைக் கஞ்சி காய்ச்சினால் கொழகொழப்பாக இருக்கிறது அல்லவா? தண்ணீரில் கரையும் நார் அது. மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோலிலும் அதுவே. பயறு, பருப்பு வகைகளிலும் இருக்கிறது. இந்த நார், குடலில் பித்த உப்பைச் சிக்கவைத்து வெளியே இழுத்துப் போகிறது. தினம் மூன்று கிராம் ஓட்ஸ் நார் சாப்பிட்டால் இருதய நோய் வரும் ஆபத்து குறையலாம் என்று டப்பாவில் அச்சிட, 1997ஆம் ஆண்டு அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. கொலஸ்டிரால் குறைவது கொஞ்சம்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

நம் நாட்டு மருந்து ஒன்றும் இந்தக் கதையில் வருகிறது. குக்குலு என்ற மரப் பிசின். இது கொழுப்பைக் குறைக்கும் என்ற பழைய வைத்திய நூல் கருத்தை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி என்ற பெண்மணி ஆராய்ந்து 1966ஆம் ஆண்டு எழுதினார். 1999ஆம் ஆண்டில், ஈரல் அணுவுக்குள் பித்த உப்பை அளந்து பார்க்கும் ஒரு காவல்காரன் இருப்பது தெரியவந்தது. உப்பு போதும் என்றால் "தயாரிப்பை நிறுத்து" என்று சொல்வது அவன்தான். குக்குலுவில் உள்ள ஒரு சத்து இந்தக் காவல்காரனையே தடுக்கிறது என்று 2002ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் குக்குலுவையும் வெறும் மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குக்குலு தின்றவர்களுக்குக் கெட்ட கொலஸ்டிரால் குறையவில்லை. சற்று ஏறிவிட்டது! பழைய நூலில் இருப்பதாலும் ஒரு மருந்து வென்றுவிடாது. புதிய ஆராய்ச்சிக்கூடத்தில் பொருந்துவதாலும் வென்றுவிடாது. ஆளுக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

குடலின் கடைசிப் பகுதியில் பித்த உப்பை இறைக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. கத்தி இல்லாமல் அந்தப் பம்பை மட்டும் அடைக்கும் மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. பித்தம் தேங்கி உடம்பு அரிக்கும் சில குழந்தைகளுக்குக் கொடுக்க, 2021ஆம் ஆண்டில் இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கெட்ட கொலஸ்டிராலையும் இந்த வகை மருந்து குறைக்கிறது. ஆனால் டாக்டர் புக்வாலடின் நோயாளிகள் பட்ட அதே தொல்லை இதிலும் உண்டு: வயிற்றுப்போக்கு! ஜப்பானியர்கள் கெட்டிக்காரர்கள். அதே இனத்தைச் சேர்ந்த ஒரு மாத்திரையை, 2018ஆம் ஆண்டிலிருந்து மலச்சிக்கலுக்கு மருந்தாகவே விற்கிறார்கள்.